பட்டினி போட்ட தண்ணீர்

மட்டாஞ்சேரியில் சுக்கு மணக்கவில்லை என்றால் ஒன்று மூக்குக்குக் கேடு, இல்லையேல் ஊருக்கு. ஞாயிற்றுக்கிழமை மதியம் கடைகளை அடைத்திருந்தாலும் பண்டகசாலைச் சுவர்களே சுக்கையும் மிளகையும் மூச்சாக விட்டுக்கொண்டிருக்கும். நூறு வருஷத்து மணம் விடுமுறை எடுப்பதில்லை. ரோஜா தன் கூந்தல் நுனியை முகர்ந்து பார்த்தாள். காலையில் தேய்த்த தேங்காயெண்ணெயும் மணக்கவில்லை. ஜலதோஷம்தான் என்று முடிவுகட்டிக்கொண்டு மீட்டரைப் பார்க்கப் போனாள்.

வாசல் பலகையில் ‘நவீன நீர் சுத்திகரிப்பு நிலையம்’ என்று எழுதியிருந்தது. உள்ளே இருந்தது ஒரு தகரக் கொட்டகை, ஒரு தொட்டி, நாலு விளக்கு. வாய்க்கால் நீரில் சாயமும் மருந்துக் கழிவும் கலந்து வரும். அதில் பெராக்சைடை ஊற்றி, புற ஊதா விளக்கொளியில் ஓடவிட்டால், கரிமம் உள்ள அழுக்கு எதுவானாலும் உடைந்து வெறும் நீரும் காற்றுமாகிவிடும். சாயமோ இலையோ மயிரோ, அதற்கு எல்லாம் ஒன்றுதான் என்று என்ஜினீயர் அனூப் பயிற்சியில் சொல்லிக்கொடுத்திருந்தான். திறப்பு விழாவில் சேர்மன் இதை ‘அசுத்தத்தின் மீதான இறுதிப் போர்’ என்று முக்கால் மணி நேரம் வர்ணித்தார். அந்தப் போர்க்களத்தில் நின்ற மொத்தப் படை, நாற்பத்தேழு வயதான, தினக்கூலி ரோஜா ஒருத்தி.

சேர்மன் நாளை மறுபடி வருகிறார். தண்ணீரில் மிச்சமிருக்கும் அழுக்கை அளக்கும் மீட்டர் பூஜ்யம் காட்டினால் அவளுக்கு நிரந்தர வேலை. காட்டாவிட்டால் வேறு ஆள். புருஷன் போய் ஆறு வருஷமாகிறது. பிள்ளையில்லை. யாரோடும் ஒரு வார்த்தை பேசாமலே அவளுக்குப் பல நாள் பொழுது சாய்ந்திருக்கிறது. ரோஜா என்றொருத்தி இருக்கிறாள் என்று தினமும் எழுதிவைக்கிற ஒரே இடம் இந்தக் கொட்டகையின் வருகைப் பதிவேடு.

ஆகவே, பெரிய மனிதர்கள் வரும்போது இங்கே வழக்கமாகச் செய்வதைச் செய்தாள். வெள்ளிக்கிழமையே வாய்க்கால் மதகை அடைத்துவிட்டு, உள்ளிருந்த நீரையே விளக்குகளுக்கு அடியில் திரும்பத் திரும்பச் சுற்றவிட்டாள். வேளைக்கு ஒரு கேன் பெராக்சைடு கூடுதல். ‘விருந்தாளிக் கேன்’ என்று அதற்குப் பெயர். வெள்ளிக்கிழமை மீட்டர் நாற்பது காட்டியது. நேற்று ஒன்பது. உடைக்க எதுவும் மிச்சமில்லாத தண்ணீர் பெராக்சைடை மட்டும் குடித்துக்கொண்டு மூன்று நாளாகச் சுற்றியது.

இப்போது ஒன்று.

பெருமையோடு சுவரில் சாய்ந்தவள் விலகிக்கொண்டாள். மழைக்காலம் முழுக்கப் பச்சையாக வழுக்கும் சுவர், பாசியில்லாமல் நேற்றுப் பூசியதுபோல் வெளுத்திருந்தது. மூலையில் ஈர்க்கு விளக்குமாறு இல்லை. அதைக் கட்டியிருந்த கம்பி வளையம் மட்டும் கிடந்தது. மேசைமேல் பதிவேடு இல்லை. அதைத் தைத்திருந்த இரண்டு பின்கள் மட்டும் இருந்தன.

யாராவது தூக்கிப் போயிருப்பார்கள். பின்னைக் கழற்றிவிட்டா?

வாசலுக்குப் போய் எட்டிப் பார்த்தாள். திரும்பினால் மீட்டரில் பூஜ்யம். உள்ளே வந்தாள். ஒன்று. பின்வாங்கினாள். பூஜ்யம்.

அனூப்பைக் கூப்பிட்டாள். அவன் ஏதோ கல்யாணப் பந்தியில் இருந்தான். பாயசத்துக்கு நடுவே, மீட்டர் எத்ர காட்டுது சேச்சி என்று கேட்டான்.

“நான் தள்ளி நின்னா பூஜ்யம் ஸார். கிட்ட வந்தா ஒண்ணு.”

அவன் சிரித்தான். “அப்போ அழுக்கு சேச்சிதானோ?”

“விளையாடாதீங்க ஸார். எனக்குப் பயமா இருக்கு.”

“ஒண்ணும் இல்ல சேச்சி. இன்னொரு கேன் ஊத்துங்க. நாளைக்கு அந்த ஒண்ணும் இருக்கப்படாது.”

வேலை போனால் போகட்டும் என்று அவள் சுவிட்சை இறக்கினாள். பம்பு நின்றது. விளக்குகள் அணைந்தன. தொட்டியிலிருந்து வந்த நீல வெளிச்சம் அணையவில்லை. உள்ளே தண்ணீர் சுற்றும் சத்தம். நிதானமாக. மெல்லுவதுபோல்.

ஓடினாள்.

தெருவில் காக்கை இல்லை. வாசலில் எப்போதும் படுத்திருக்கும் ஆடு இல்லை. அதன் கழுத்து மணி ஈரத்தில் கிடந்தது. இருபுறமும் பண்டகசாலைகள் வாய் திறந்து நின்றன. படிக்குப் படி பூட்டுகள் கிடந்தன. பூட்டியபடியே. கதவுகள் இல்லை.

யாராவது இருக்கீங்களா என்று கத்தினாள். வெறும் சுவர்கள் அதைத் திருப்பிக் கொடுத்தன.

தெருமுனையில் நின்று திரும்பிப் பார்த்தாள். கொட்டகையின் கதவில்லாத வாசல் வழியே மீட்டரின் சிவப்பு எழுத்து தெரிந்தது. இவ்வளவு தூரம் வந்துவிட்டாள். பூஜ்யம் காட்ட வேண்டும்.

ஒன்று.

காலடியில் மழைத் தண்ணீர் தேங்கியிருந்தது. காற்றில்லை. ஆனாலும் அது அவளைச் சுற்றி மெல்லச் சுழன்றுகொண்டிருந்தது. தரை தெரிகிற தெளிவு.

0.9.

வலிக்கவில்லை. சில்லென்றுகூட இல்லை.

0.8.

குனிந்து பார்த்தாள். தண்ணீருக்கடியில், அவளுடைய இடது கால் கொலுசு வட்டமாகக் கிடந்தது. கொக்கி மாட்டியபடியே.