முக்கால் விநாடித் திருட்டு

காலை 10.10.

களவு போனது முக்கால் விநாடி. அதற்குமேல் ஒன்றும் இல்லை. ஆனால் அது இல்லாமல் டீச்சரால் பேச முடியவில்லை.

கைபேசி பழுதுபார்க்கும் கடையின் உயரமான ஸ்டூலில் உட்கார்ந்து அவள் தன் புகாரைத் தட்டிக்கொண்டிருந்தாள். ஒவ்வொரு எழுத்தும், வெற்றிலை பாக்கு வைத்து அழைத்தால்தான் வருவேன் என்று முறுக்கிக்கொண்டு வந்தது. வாக்கியம் முடிந்ததும் கைபேசி அதைப் பெண்குரலில் வாசித்தது.

"கீபோர்டு லேட்டாகுது. மூணு மணிக்குள்ள சரியாகணும்."

எட்டு மாதத்துக்கு முன்னால் கழுத்தில் அறுவை சிகிச்சை நடந்தது. கட்டியோடு குரலும் போயிற்று. அன்றிலிருந்து அவள் தட்டுவாள், கைபேசி பேசும். பள்ளியில் வேதியியல் பாடமும் அப்படித்தான் நடந்தது. வேகமாகத் தட்டப் பழகியிருந்ததால் கடைசி பெஞ்சில் நடக்கும் சண்டைக்குக்கூட அதட்டல் நேரத்துக்குப் போய்ச் சேர்ந்தது. போன புதன்கிழமை முதல் பீரியடில்தான் எழுத்துகள் பின்தங்க ஆரம்பித்தன.

வெள்ளிக்கிழமை நிர்வாகக் குழு அவள் வகுப்பைப் பார்க்க வந்தது. உப்பு தண்ணீரில் கரைந்தால் எங்கே போகிறது என்று ஒரு மாணவி கேட்டாள். டீச்சர் பதிலைத் தட்டி முடிப்பதற்குள் குழு உறுப்பினர் ஒருவர் பொறுமையிழந்து, ஆவியாகிவிடும் என்று சொல்லிவிட்டார். தப்பான பதில். அதைத் திருத்தவும் டீச்சருக்கு நேரம் கிடைக்கவில்லை. இன்று மூன்று மணிக்குத் தலைமையாசிரியை அறையில் மறுபடியும் கூடுகிறார்கள். கேட்கும் கேள்விக்கு அவள் பதில் சொல்ல வேண்டும். சரிப்படாவிட்டால் நாளையிலிருந்து வகுப்பு கிடையாது. ஸ்டோர் ரூமில் குடுவைகளைத் துடைத்து அடுக்கும் வேலை.

கடைக்காரிக்குத் தெருவில் உடும்பு என்று பெயர். ஒரு பழுதைப் பிடித்தால் விடமாட்டாள் என்பதால் வைத்தது. பல்லி என்று வைக்காமல் போனார்களே என்பாள் அவள். நெற்றியில் உருப்பெருக்கிக் கண்ணாடியை ஏற்றி வைத்துக்கொண்டு, பாதி கேள்வி கேட்பதும் பாதி தானே பேசிக்கொள்வதுமாக இருந்தாள்.

டீச்சரின் கணவன் சுவரோரப் பெஞ்சில் உட்கார்ந்திருந்தான். கட்டுமான இடத்தில் கிரேன் ஓட்டுபவன். அவளுக்குத் துணையாக வர ஒருநாள் விடுப்பு எடுத்திருந்தான். பக்கத்துக் கடையிலிருந்து வந்த டீயை இரண்டு கையாலும் பிடித்துக் குடித்தான். பைக்கில் வந்தீர்களா என்று உடும்பு கேட்டதற்கு, பஸ்ஸில்தான், பைக்குக்குப் பிரேக் சரியில்லை, இரண்டு வாரமாக எடுப்பதில்லை என்றான்.

10.35.

முதலில் வழக்கமான வைத்தியம். உடும்பு போனை அணைத்துத் திரும்ப இயக்கினாள். கீபோர்டு சேர்த்து வைத்திருந்த குப்பைகளை அழித்தாள். பழைய வீடியோக்களை நீக்கி இடம் பண்ணினாள். கடைசியில் வேறொரு கீபோர்டையே இறக்கிப் போட்டாள். முன்னேற்றம் கடுகளவும் இல்லை. அதே தாமதம்.

"எங்கிட்ட குடுங்க," என்றான் கணவன். ஆள்காட்டி விரலால் ஒவ்வொரு எழுத்தையும் அழுத்தி, அழைப்புமணி அடிப்பவன் மாதிரி, தன் பெயரைத் தட்டிக் காட்டினான். "எனக்கு நல்லாத்தானே வருது? இவ அவசரக் குடுக்கை. அதான்."

டீச்சர் அவனைப் பார்த்த பார்வையில் பதில் இருந்தது. அதைத் தட்டி முடிக்க நேரம் பிடிக்கும் என்பதால் விட்டுவிட்டாள்.

உடும்பு கண்ணாடியை நெற்றியிலிருந்து கண்ணுக்கு இறக்கினாள். இரண்டு தெரு தள்ளியிருக்கும் கடையில் ஒரு சார்ஜர் ஒயர் வாங்கிவர முடியுமா என்று கணவனைக் கேட்டாள். அவள் தலைக்குமேல் ஆணியில் இருபது ஒயர் தொங்கியது. அவன் அதைக் கவனிக்காமல் எழுந்து போனான்.

11.05.

உடும்பு தன் போனை ஒரு ஸ்டாண்டில் மாட்டி, ஸ்லோமோஷன் வீடியோவில் டீச்சரின் விரலைப் படம் பிடித்தாள். எழுத்து வரும்வரை விரலை எடுக்காமல் இருபது முறை அழுத்தச் சொன்னாள். பிறகு வீடியோவை நகர்த்தி நகர்த்தி ஒவ்வொரு அழுத்தலுக்கும் எவ்வளவு நேரம் ஆனதென்று அட்டையில் எழுதினாள். இருபதும் ஒரே எண். முக்கால் விநாடி.

"களைச்சுப்போன போன் ஒருநேரம் ஓடும், ஒருநேரம் படுத்துக்கும்," என்றாள் உடும்பு. "இது அளந்து வச்சு லேட்டாகுது. நோய் இவ்வளவு ஒழுக்கமா இருக்காது டீச்சர். இது யாரோ போட்ட உத்தரவு."

அடுத்து கால்குலேட்டரைத் திறந்து எண்களைத் தட்டச் சொன்னாள். அங்கேயும் சட்டென்று தட்டினால் எதுவும் விழவில்லை. அழுத்திப் பிடித்தால் முக்கால் விநாடியில் விழுந்தது. ஒரே எண்ணை அடுத்தடுத்து இரண்டு முறை தொட்டால் இரண்டாவது காணாமல் போனது. ஆனால் போனில் ஓடவிட்ட வீடியோ தடங்கல் இல்லாமல் ஓடியது. எல்லோரும் கீபோர்டையே தோண்டிக்கொண்டிருந்தார்கள், நோய்க்குப் பார்க்காமல் பேய்க்குப் பார்த்த கதையாக. கோளாறு கீபோர்டில் இல்லை. விரலின் தொடுதலை ஏற்றுக்கொள்ளும் இடத்தில் இருந்தது.

போனின் அமைப்புகளுக்குள், அதாவது செட்டிங்ஸில், நான்கு கதவு தாண்டி, உடல் சிரமம் உள்ளவர்களின் வசதிக்கென்று ஒரு பக்கம் இருந்தது. அதில் இரண்டு ஏற்பாடுகள் இயக்கத்தில் இருந்தன. ஒன்று, விரல் முக்கால் விநாடி அழுத்தினால்தான் அதைத் தொட்டதாக எடுத்துக்கொள்ளும். மற்றது, அடுத்தடுத்து விழும் தொடுதலில் முதலாவதை மட்டும் ஏற்கும்.

டீச்சர் கை நீட்டினாள், அணைத்துவிட. உடும்பு தடுத்தாள்.

"அணைச்சா உங்க அவசரம் தீர்ந்துடும். யாருன்னு தெரியாம அணைச்சா நாளைக்கு மறுபடி வரும். கொஞ்சம் பொறுங்க. போனை யார் யார் தொடுவாங்க?"

மூன்று பேர். முதலில் அவள் மகள், ஒன்பதாம் வகுப்பு. கீபோர்டில் பூவும் பூனையும் ஒட்டுகிறவள். அடுத்தது கணக்கு வாத்தியார். டீச்சரின் பீரியட்களைத் தனக்குத் தரச்சொல்லிக் கேட்டவர், வியாழக்கிழமை ஓய்வறையில் எதையோ அனுப்புவதற்கென்று போனை வாங்கினார். மூன்றாவது கணவன். அந்தப் பெயருக்கு வந்ததும் டீச்சர் நிறுத்தினாள். பிறகு மெதுவாக, வேறு வழியில்லாமல் மெதுவாக, தட்டினாள்.

"அவர்தான். வெள்ளிக்கிழமையிலேர்ந்து ஸ்டோர் ரூமும் வேலைதானேன்னு சொல்லிட்டே இருக்கார்."

கைபேசி அதை ரயில் அறிவிப்புபோல ஏற்ற இறக்கமில்லாமல் வாசித்தது. தான் எழுதியதைக் காதால் கேட்டதும் டீச்சர் போனைக் கவிழ்த்து வைத்தாள்.

உடும்பு போனைத் திருப்பி, எந்தச் செயலி எந்த மணியில் திறந்தது என்று போன் தானே குறித்து வைத்திருக்கும் பக்கத்தை எடுத்தாள். அமைப்புகள் போன வாரம் இரண்டே முறை திறந்திருந்தன. புதன் காலை ஐந்துக்கும் ஆறுக்கும் இடையில் ஒருமுறை. சனிக்கிழமை அதே நேரத்தில் இன்னொரு முறை.

வியாழக்கிழமை போனைத் தொட்ட கணக்கு வாத்தியார் புதன்கிழமை குற்றத்தைச் செய்திருக்க முடியாது. மகள் ஆறரைக்கு முன்னால் எழுந்ததாகச் சரித்திரமே இல்லை. ஐந்து மணிக்கு டீச்சர் நடைப்பயிற்சிக்குப் போய்விடுவாள், போன் சமையலறையில் சார்ஜில் கிடக்கும். ஆறு மணி ஷிஃப்டுக்குக் கிளம்புகிற கணவன் மட்டுமே அந்நேரம் விழித்திருப்பான்.

"ஆள் நீங்க சொன்னவர்தான்," என்றாள் உடும்பு. "காரணம்தான் வேற. கெடுக்க வந்தவன் கெடுத்துட்டுப் போவான். இந்தத் திருடன் சனிக்கிழமை திரும்பி வந்திருக்கான் பாருங்க. எதுக்கு?"

12.15.

அந்தக் கடை பூட்டியிருக்க, வேறு நாலு கடை ஏறி இறங்கி, கணவன் ஒயரோடு வந்தான். உடும்பு அவனை உட்காரச் சொல்லி, போனைத் திரும்பவும் அவன் கையில் கொடுத்து, முன்பு தட்டியதையே தட்டச் சொன்னாள். பெயர் சுத்தமாக வந்தது. போனை வாங்கி, அவன் கண் முன்னாலேயே இரண்டு ஏற்பாடுகளையும் அணைத்தாள்.

"இப்ப தட்டுங்க அண்ணே."

அவன் தட்டவில்லை. டீச்சர் அவன் முழங்கையைத் தொட்டாள். அவன் விரலை இறக்கினான். ஒரு எழுத்து கேட்ட இடத்தில் நான்கு விழுந்தது. அடுத்ததில் பக்கத்து எழுத்தும் சேர்ந்து விழுந்தது. ஒரு வரி முழுக்க ஒரே எழுத்து வரிசையாக ஓடியது. திரைமேல் அவன் விரல் நிற்காமல் துடித்துக்கொண்டிருந்தது.



"ரெண்டு கையாலயும் டீ குடிச்சீங்க," என்றாள் உடும்பு, குற்றம் சாட்டுகிற குரலில் இல்லை. "பைக்கை எடுக்குறதில்ல. இவங்க கையில ஓடாத போன் உங்க கையில மட்டும் ஓடுது. அந்த ரெண்டு ஏற்பாட்டாலயும் ஒரே ஒருத்தருக்குத்தான் லாபம், கை நடுங்குறவங்களுக்கு. எத்தனை நாளா?"

மூன்று மாதம் என்றான். அவனிடம் இருப்பது கம்பெனி போன். அதில் என்ன தேடினாலும் ஆபீசுக்குத் தெரியும் என்று பயம். அதனால் விடியற்காலையில் மனைவியின் போனில், கை ஏன் நடுங்குகிறது என்று ஒரு மருத்துவ உதவிப் பக்கத்தில் கேள்வி எழுதப் பார்த்தான். எழுத்துகள் மூன்றும் நான்குமாக விழுந்ததில் அவன் எழுதியது யாருக்கும் புரியவில்லை. முதலில் போனை இப்படி மாற்றிக்கொள்ளுங்கள் என்று அந்தப் பக்கத்தில் வழி சொன்னார்கள். மாற்றினான். கேட்டான். எழுதியதை அழித்துவிட்டு வேலைக்குப் போனான்.

"திருப்பி வைக்கணும்னு தோணலையா?"

"கிரேன்ல அப்படி வழக்கம் இல்லீங்க. லீவர் எவ்வளவு இறுக்கமா இருக்கணும்னு அவனவன் ஷிஃப்டுக்கு வந்ததும் தனக்கேத்த மாதிரி வச்சுக்குவான். விட்டுட்டுப் போறவன் மாத்த மாட்டான். அடுத்து வர்றவன் பாத்துக்குவான்." அவன் கீழே பார்த்தான். "இவ லேட்டாகுதுன்னு சொன்னப்போ எனக்கு உறைக்கல. என் கைக்கு நல்லாத்தான வந்துச்சு. வெள்ளிக்கிழமை அழுதுட்டு வந்தா பாருங்க, அப்பதான் சந்தேகம் வந்துச்சு. சனிக்கிழமை தேடுனேன். செட்டிங்ஸ்ல அந்த இடமே கண்ணுல படல. சொன்னா அங்க எதுக்குப் போனேன்னும் சொல்லணுமே."

அதனால்தான் ஸ்டோர் ரூமும் வேலைதான் என்று சொல்லிக்கொண்டிருந்தான். அவளைத் தேற்றுவதாக நினைத்துத் தன்னைத் தேற்றிக்கொண்டிருந்தான்.

டீச்சர் போனை எடுத்தாள். விரல்கள் ஓடின. எழுத்துகள் விரலோடு ஓடின. ஒரு வாரத்துக்குப் பிறகு அவள் குரல் அவளுக்கு நேரத்துக்குக் கிடைத்தது. அதில் அவள் கேட்ட முதல் கேள்வி:

"நாளைக்குக் காலையில எத்தனை டன் தூக்குவீங்க?"

"இருபது."

"கீழ எத்தனை பேர் நிப்பாங்க?"

அவன் இரண்டு கையையும் மடியில் கோத்துக்கொண்டான். உடும்பு மெதுவாக, தனக்குக் கடை வாசலில் ஏதோ வேலை இருப்பதுபோல எழுந்து போனாள்.

மாலை 3.00.

குழுவில் மூன்று பேர். வெள்ளிக்கிழமை பதில் சொன்னவர்தான் இன்றும் முதலில் பேசினார். ஆய்வகத்தில் ஒரு பிள்ளையின் கையில் அமிலம் கொட்டிவிடுகிறது என்று வைத்துக்கொள்வோம். அப்போது டீச்சர் எப்படிக் கத்துவார் என்று கேட்டார். கேட்டுவிட்டு நாற்காலியில் சாய்ந்தார். அவர் முதுகு நாற்காலியைத் தொடுவதற்குள் பதில் வந்தது.

"கத்தமாட்டேன். மேசையில மணி இருக்கு. அடிச்சா எல்லாரும் கையை எடுத்துட்டு நகரணும். முதல் நாளே பழக்கியிருக்கேன். அந்தப் பிள்ளை கை அதுக்குள்ள குழாய்த் தண்ணியில இருக்கும். கத்துனா பதட்டம்தான் வரும்."

தலைமையாசிரியை எதையோ குறித்துக்கொண்டார். பிறகு கேள்விமேல் கேள்வி. மாணவர்கள் நிர்வாகக் குழுவைவிடப் பொல்லாதவர்கள் என்பதால் அவளுக்கு அதெல்லாம் பழக்கம்தான். கடைசியில், நீங்கள் ஏதாவது சொல்ல விரும்புகிறீர்களா என்று கேட்டார்கள்.

"ஆமா. உப்பு ஆவியாகிறதில்ல. தண்ணியிலேயேதான் இருக்கு. வெள்ளிக்கிழமை அந்தப் பொண்ணு தப்பா எழுதிக்கிட்டா. நாளைக்கு முதல் பீரியட்ல அதைத் திருத்தணும்."

ஆவியாகிவிடும் என்றவர் இருமினார். தலைமையாசிரியை சிரிப்பை அடக்கிக்கொண்டு, முதல் பீரியட் உங்களுடையதுதானே, திருத்துங்கள் என்றார்.

3.40.

கணவன் பள்ளித் தாழ்வாரத்தில் நின்றிருந்தான். அவள் முகத்தைப் பார்த்ததும் முடிவு தெரிந்துவிட்டது. அவன் தன் போனை எடுத்து ஃபோர்மேனை அழைத்தான். ஒலிபெருக்கியில் போட்டான். அந்தப் பக்கம் இரும்பு மோதும் சத்தம், பிறகு ஒரு தடித்த குரல், என்னப்பா, லீவு நாள்ல என்ன என்று கேட்டது.

அவன் வாயைத் திறந்தான். மூன்று மாதமாக உள்ளே வைத்திருந்தது அங்கேயே இருந்தது. ஃபோர்மேன் இரண்டு முறை ஹலோ சொன்னார்.

டீச்சர் தட்டினாள். தன் போனை அவன் போனுக்கு அருகே பிடித்தாள்.

"அவருக்கு மூணு மாசமா கை நடுங்குது. நாளையிலேர்ந்து கிரேன் ஏறமாட்டார். டாக்டரைப் பாக்கப் போறோம்."

அந்தப் பக்கம் இரும்புச் சத்தம் நின்றது. யாரம்மா பேசுவது என்று கேட்டார் ஃபோர்மேன்.

"அவர் சம்சாரம்."

"அவன் பக்கத்துலதான இருக்கான்? ஏன், அவனுக்கு வாய் இல்லையா?"

"இருக்கு," என்றது பெண்குரல், ஒரு நொடிகூடத் தாமதிக்காமல். "இன்னைக்கு என்னோடதை இரவல் வாங்கியிருக்கார்."