கேபிள் வழியே ஒரு மரணக் கடிதம்

செல்போன் அலறியது.

டெல்லி துவாரகாவில் மெட்ரோ ஏறி, நிற்க இடம் பிடித்து அப்போதுதான் மூச்சு விட்டிருந்தார் சேஷு. மனைவி அபிராமியின் நம்பர்.

"என்னடீ? இப்பத்தானே ஆத்தை விட்டுக் கிளம்பினேன்?"

"ஏன்னா... மேதாவைப் போலீஸ் கூட்டிண்டு போயிடுத்துன்னா!"

"என்னது?"

"ஜெயந்த் விஷயமாம்! அவன் தானா சாகலையாம்... யாரோ கொன்னிருக்காளாம். அதுக்கு நம்ம பொண்ணை எதுக்குன்னா இழுக்கறா? ஜல்தி ஸ்டேஷனுக்குப் போங்கோ!"

அடுத்த நிறுத்தத்தில் இறங்கக் கதவை நோக்கி நகர்ந்தார் சேஷு.

ஜெயந்தைக் கொன்றது யார் என்று அவருக்குத் தெரியும்.

அவர்தான்!

லோதி ரோட்டில் ஒரு மத்திய அரசு அலுவலகம். அதில் சேஷு செக்‌ஷன் ஆபீசர். முப்பது வருட சர்வீஸில் ஒரு மெமோ கிடையாது. அதே அலுவலகத்தில் மகள் மேதாவுக்குக் கான்ட்ராக்ட் வேலை. அது நிரந்தரமாக ஒரு பரீட்சை பாஸ் செய்ய வேண்டும். இரண்டு முறை எழுதி இரண்டு முறையும் கோட்டை விட்டாள்.

மூன்றாவது முறை, அப்பா வினாத்தாளையே திருடிக்கொண்டு வந்தார். "மாடல் கொஸ்டின், படிச்சு வை" என்று நீட்டினார். அந்த அப்பாவிப் பெண் நம்பிப் படித்தாள். பாஸானாள். பெற்ற பாசம்!

அதைக் கண்டுபிடித்துவிட்டான் ஜெயந்த். அதே செக்‌ஷன், அதே ஹவுஸிங் சொசைட்டி. இரண்டு பிளாக் தள்ளித் தனியாக இருந்தவன். வயது இருபத்தெட்டு.

போன சனிக்கிழமை காலை பத்து மணிக்கு அவனுடைய ஃப்ளாட் கதவைத் தட்டினார் சேஷு.

"திங்கக்கிழமை டைரக்டர்கிட்ட சொல்லிடப்போறேன் சார்" என்றான் ஜெயந்த். "மேதாவை நெனச்சா பாவமாத்தான் இருக்கு. ஆனா அந்தப் பரீட்சையை எண்ணூறு பேர் எழுதியிருக்கா. அவாளும் யாரோ பெத்த குழந்தைகள்தானே?"

"தாராளமா சொல்லுடா அம்பி. நான் தடுக்கலை. அதுக்கு முன்னாடி ஆளுக்கொரு காபி குடிக்கலாமா? நானே கலக்கறேன்."

கலக்கினார். சர்க்கரையோடு வேறொன்றையும் சேர்த்துக் கலக்கினார்!

ஜெயந்த் சோபாவில் சரிந்தான். மூச்சு நிற்கும்வரை எதிரே உட்கார்ந்து பார்த்துக்கொண்டிருந்தார் சேஷு. பிறகு அவனுடைய டேப்லெட்டை எடுத்தார். சூடு ஆறாத அவன் விரலை அதன்மேல் வைத்து அழுத்தினார். திறந்துகொண்டது.

தற்கொலைக் கடிதம் மெயிலில் போக வேண்டும். ஆனால் அதற்கு முன்... வை-ஃபையை அணைத்தார்.

வருடக்கணக்கான பழக்கம்! ரகசியக் காகிதங்கள் புழங்குகிற அவர் அலுவலகத்தில் வை-ஃபை கூடவே கூடாது. டேப்லெட்டைக்கூட சுவரிலிருந்து வரும் கேபிளில்தான் சேர்க்க வேண்டும். அதற்காக ஆளுக்கொரு டாங்கிள். ஒரு முனை டேப்லெட்டில், மறுமுனை கேபிளில். கட்டைவிரல் அளவுதான் இருக்கும். ட்ரெயினிங் என்று போனாலே அங்கே ஒரே பல்லவி... காற்றில் போவதை எவனும் பிடிப்பான், கேபிளில் போவதுதான் பத்திரம்!

சேஷு அதை வேதவாக்காக நம்பியவர். வெளியே கிளம்பினாலே பேனாவோடு சட்டைப் பையில் ஏறிவிடும் டாங்கிளை எடுத்துச் செருகினார். ரூட்டரிலிருந்து டி.வி.க்குப் போகிற இன்டர்நெட் கேபிளைப் பிடுங்கி அதில் மாட்டினார். 'என் சாவுக்கு யாரும் காரணமில்லை' என்று தட்டினார். மணி பதினொன்று பத்துக்கு மெயில் பறந்தது. கேபிளை மறுபடி டி.வி.யில் சேர்த்துவிட்டு, கைரேகைகளைத் துடைத்துவிட்டு, பூனை போல வெளியேறினார்.

இத்தனை கச்சிதமாக ஒரு ஃபைலைக்கூட அவர் முடித்ததில்லை.

போலீஸ் ஸ்டேஷன்.

இன்ஸ்பெக்டர் அருள்ராஜ் விருதுநகர்க்காரர். பட்டாளத்து அப்பாவோடு டெல்லிக்கு வந்து இங்கேயே காக்கி மாட்டியவர்.

"உக்காருங்க சார்."

"என் பொண்ணு எங்கே?"

"பக்கத்து ரூம்ல. டீ வாங்கிக் குடுத்தேன். தொடவே இல்லை. அழுதுக்கிட்டே இருக்கு."

"அவன் தற்கொலை பண்ணிண்டான் சார்! லெட்டர் எங்க ஆபீஸ்ல எல்லாருக்கும்தான் வந்தது!"

"வந்துச்சு. எப்படி வந்துச்சுங்கறதுதான் கேள்வி. அந்த டேப்லெட் எப்பவும் வீட்டு வை-ஃபையிலதான் ஓடியிருக்கு. இந்த ஒரே ஒரு மெயில் மட்டும் கேபிள்ல போயிருக்கு. சாகப்போறவன் சோபாவுல படுத்துக்கிட்டே அனுப்புவானா, எந்திரிச்சுப் போயி டி.வி. கேபிளைப் பிடுங்கி மாட்டுவானா?"



"ஆபீஸ் பழக்கம்... அவன்கிட்டயும் டாங்கிள் உண்டே?"

"அது அவன் ஆபீஸ் டிராயர்ல பூட்டிக் கெடக்கு. நானே போயிப் பார்த்தேன்."

"அச்சா... ஆனா கேபிள்ல போனா யார்னு தெரியாதே?"

"யார் சொன்னா? ஒவ்வொரு டாங்கிளுக்கும் ஒரு நம்பர் இருக்கு, வண்டி நம்பர் மாதிரி. டேப்லெட் யாருதா இருந்தாலும் சரி, கேபிள்ல மாட்டினா ரூட்டர் குறிச்சு வச்சுக்கிறது டாங்கிள் நம்பரைத்தான். எந்த நம்பர் யாருக்குக் குடுத்ததுன்னு உங்க ஆபீஸ்ல ஒரு லிஸ்ட் இருக்குல்ல?"

இருக்கிறது!



"அது... யாரோட நம்பர்?"

அருள்ராஜ் நிதானமாகச் சொன்னார்.

"உங்க பொண்ணோடது."

"இல்லை!"

கத்தியபின்தான் சேஷுவுக்கு அது உறைத்தது. ஃப்ரிட்ஜ் மேல் ஒரு தட்டு. அதில் அப்பா டாங்கிள், மகள் டாங்கிள், இரண்டும் கிடக்கும். சனிக்கிழமை அவசரத்தில் கைக்கு வந்ததை எடுத்தார். காரியம் முடிந்ததும் அதைத் தலைமுழுகினார். ஜெயந்த் போன துக்கத்தில் மேதா ஆபீஸ் பக்கமே போகவில்லை; திங்கட்கிழமை மற்றதை எடுத்துக்கொண்டு இவர் ஆபீஸ் போனார். கேபிள் மறுபேச்சில்லாமல் ஏற்றுக்கொண்டது. ஏற்கத்தானே செய்யும்... இரண்டும் அலுவலகம் கொடுத்தவை!

எதை எடுத்தார்? தன்னுடையதையா... மகளுடையதையா? சத்தியமாக அவருக்குத் தெரியாது!

"அன்னிக்குக் காலைல ரூம்ல தூங்கினேன்னு சொல்லுது. சாட்சி இல்லை" என்றார் அருள்ராஜ். "ரெண்டு பேருக்கும் நல்ல பழக்கமாம். ஏதோ மனஸ்தாபம்னு எழுத வேண்டியதுதான். மூணு மணிக்குக் கோர்ட். அப்புறம் திஹார்."

சுவருக்கு அந்தப் பக்கம் ஒரு விசும்பல். அந்தக் குரலுக்காகத்தான் திருடினார். அதற்காகத்தான் கொன்றார். இப்போது அதுவே ஜெயிலுக்குப் போகப்போகிறது. 

"அவளை விட்டுடுங்கோ... நான்தான்!"

"என்ன நீங்கதான்?"

"நான்தான் காபியில கலந்தேன்! நான்தான் மெயில் அனுப்பினேன்!"

வினாத்தாளிலிருந்து ஆரம்பித்து எல்லாவற்றையும் கொட்டினார்.  கடைசியில் அருள்ராஜ் ஒன்றே ஒன்று கேட்டார்.

"டாங்கிள் எங்க?"

"எங்க பிளாக் மொட்டை மாடியில... இடது பக்கத் தண்ணித் தொட்டிக்குள்ள போட்டேன்."

அருள்ராஜ் போனில் இந்தியில் நாலு வார்த்தை பேசினார். முக்கால் மணி நேரத்தில் பதில் வந்தது. தொட்டியின் அடியில் கிடைத்துவிட்டது!

"மேதாவை இப்பவே ஆத்துக்கு அனுப்புங்கோ" என்று நிமிர்ந்தார் சேஷு.

வாசலில் மேதா நின்றுகொண்டிருந்தாள்.

"ஜெயந்த் போயிட்டான்னு நான் அழுதப்போ என் தலையைத் தடவிக் குடுத்தியேப்பா... அதே கையாலயா?"

 பதிலுக்கு அவள் காத்திருக்கவில்லை. திரும்பிப் பார்க்காமல் நடந்தாள்.

"எங்க போறா? அவளை விட்டுட்டேளா?"

"நான் அவங்களைப் புடிக்கவே இல்லையே சார். விசாரிக்கத்தான் கூப்பிட்டேன்."

"அப்போ அந்த நம்பர்?"

"யாருதுன்னு எனக்கு இன்னும் தெரியாது. உங்க சொசைட்டியில டாங்கிளும் கையுமா அலையறது மூணே பேரு. ஒருத்தன் செத்துட்டான். மிச்சம் நீங்களும் உங்க பொண்ணும். பொண்ணு பேரைச் சொன்னா அப்பா வாயைத் திறப்பார்னு சும்மா சொல்லிப் பார்த்தேன்."

"லிஸ்ட்... லிஸ்ட்டைப் பார்க்கலையா?"

"எங்க சார் பார்க்கறது? கேட்டு திங்கக்கிழமையே லெட்டர் அனுப்பியாச்சு. 'மிக அவசரம்'னு சிவப்பு மையில எழுதி! டைரக்டர் கீழே தள்ளி, டெபுடி அதுக்கும் கீழே தள்ளி, செவ்வாய்க்கிழமையில இருந்து ஒரு செக்‌ஷன் ஆபீசர் மேஜையில தூங்குதாம். உறையைக்கூடப் பிரிக்கலையாம்."

"யார் மேஜையில?"

அருள்ராஜ் தொப்பியை எடுத்து மாட்டிக்கொண்டு எழுந்தார்.

"உங்க மேஜையிலதான்! நல்லவேளை சார்... நீங்க மட்டும் தபாலை அன்னன்னிக்கே பிரிச்சுப் பார்க்கிற ஆபீசரா இருந்திருந்தா, லிஸ்ட்டையே மாத்தி எழுதி எனக்கு அனுப்பிச்சிருப்பீங்க!"