முதுகில் பதிந்த பாதம்

"ராமக்கா... உன் காலுக்கு வேல வந்திருக்கு பாரு!"

அண்ணி கருப்பி கைகாட்டிய இடத்தில், சித்தேரி மலைப்பாதையின் நடுவே, மழையில் ஒருவன் வில்லாக வளைந்து நின்றிருந்தான். தோளில் நீளத் தடி. அதன் இரண்டு முனையிலும் கடுக்காய் மூட்டை. இறக்கவும் முடியவில்லை... நிமிரவும் முடியவில்லை. கண்ணை மட்டும்தான் அவனால் தூக்க முடிந்தது.

அந்தக் கண்ணை ராமக்கா பார்த்தாள். மழையில் நனைந்த கண்... இல்லை, மழைக்கு முன்பே நனைந்திருக்க வேண்டிய, எப்படியோ காய்ந்தே கிடந்த கண்.

"கிட்ட வராத புள்ள! உன்ன எனக்குத் தெரியும். பொட்டச்சி காலுக்கு முதுகு குடுக்கற ஆளு நான் இல்ல."

"செரிங்க, அப்படியே நில்லுங்க. முதுகுல மரம் மொளச்சா கடுக்கா பறிச்சிக்க வர்றேன்."

அண்ணி சிரித்துவிட்டாள். அவனும் சிரிக்கப் பார்த்தான். பாதிச் சிரிப்பிலேயே இடுப்பு வெட்டி இழுத்தது. "ஆத்தா..." என்று முனகினான். அதற்குமேல் பெண்கள் இருவரும் அவனைக் கேட்கவில்லை. மூட்டைகளை இறக்கினார்கள். ஆளுக்கொரு பக்கம் தாங்கி, பக்கத்திலிருந்த தங்கள் வீட்டுக்குக் கூட்டிப் போனார்கள்.

ராமக்கா கால் முன்னே வந்து பிறந்தவள். அப்படிப் பிறந்தவர்களின் கால் பட்டால் சுளுக்கு விட்டுவிடும் என்று மலையெங்கும் நம்பினார்கள். பிள்ளை பெற்ற இடுப்பு, கிழவர் முதுகு, மரத்திலிருந்து விழுந்த சிறுவர்கள்... எல்லாரும் அவள் வாசலுக்கு வந்தார்கள். வாலிப ஆண்களை மட்டும் அவள் தொட்டதில்லை. தொடாதபோதே பெண் கேட்டு வந்தவர்கள் திரும்பிப் போனார்கள். 'ஊரையே மிதிச்ச காலு, புருசனையும் மிதிக்கும்' என்றார்கள். இன்று ஒரு வாலிபனையும் மிதித்தாள் என்று தெரிந்தால்? இனி யாரும் அந்த வாசல் ஏறி வந்து கேட்க மாட்டார்கள். அவளுக்கு அது நன்றாகத் தெரியும். தெரிந்தேதான் இலுப்பை எண்ணெயை அடுப்பில் வைத்தாள்.

அவனைக் கவிழ்த்துப் படுக்க வைத்தார்கள். அண்ணி பக்கத்திலேயே உட்கார்ந்தாள். பெயர் தர்மன் என்றான். அடுத்த ஊராம்.

முதலில் உள்ளங்கை. சூடான எண்ணெய் முதுகின் குளிரை மெல்ல விரட்டியது. பிறகு ராமக்கா உத்தரத்துக் கயிற்றைப் பிடித்துக்கொண்டு, குதிகாலை முதுகெலும்புக்குப் பக்கத்தில் வைத்தாள். எலும்பின் மேல் ஒருபோதும் வைக்க மாட்டாள். அவசரமே இல்லை... அவன் மூச்சு வெளியே போகும்போது கால் இறங்கும். உள்ளே வரும்போது அப்படியே நிற்கும்.

"மூச்ச அடக்காதீங்க. என்னத்துக்கு இப்படிப் புடிச்சி வச்சிருக்கீங்க?"

"நான் ஒண்ணும் புடிச்சி வைக்கல."

"உங்க முதுகு வேற சொல்லுதே... இது ஒராளு சொமையில்லீங்க."

 அவன் பாயைப் பார்த்தபடியே சொன்னான்.

"எங்கண்ணன் கரியன்... சித்திரையில காய்ச்சல்ல போயிட்டான். அவன் வூட்டு சொமையும் நான்தான் தூக்கறேன்."

"அழுதீங்களா?"

"நான் அழுதுட்டா எங்கண்ணியும் அவன் புள்ளைங்களும் என்ன ஆவறது?"

தோள்பட்டைக்குக் கீழே ஒரு முடிச்சு, பச்சைக் கடுக்காய் போல இறுகிக் கிடந்தது. ராமக்கா தன் பாரத்தைக் கொஞ்சம் கொஞ்சமாக அதன்மேல் இறக்கினாள். முடிச்சு எதிர்த்தது... நடுங்கியது... சட்டென்று இளகியது.

அதோடு அவனும் உடைந்தான். முதுகு குலுங்கியது. "அண்ணா... அண்ணா..." பாயில் முகத்தைப் புதைத்துக்கொண்டு அழுதான். மழைக்கு ஒதுங்கி வாசலில் நின்ற நாலு பேர் உள்ளே எட்டிப் பார்த்தார்கள்.

ராமக்கா காலை எடுக்கவில்லை. குரலைத்தான் உயர்த்தினாள். "அண்ணீ! இந்த வருசம் சாமை நல்லா வருமா? யுத்தத்துல மண்ணெண்ணெய்தான் கெடைக்கல, மழையாச்சும் பெய்யுதே! அந்த ஆட்டப் புடிச்சி உள்ள கட்டுங்க..." வாயில் வந்ததையெல்லாம் சத்தமாகப் பேசினாள். அந்தப் பேச்சுக்கு அடியில் அவன் அழுகை யார் காதுக்கும் எட்டாமல் ஓய்ந்தது.

எழுந்தபோது நிமிர்ந்து நின்றான். அவளைப் பார்த்தான். எவ்வளவு பெரிய கண்கள்... அவற்றில் கேலி துளியும் இல்லை. அதைத்தான் அவனால் தாங்க முடியவில்லை. மழை விடும்வரைகூட நிற்காமல் போய்விட்டான்.

அடுத்த அரூர் சந்தையில் ராமக்கா புளி விற்றுக்கொண்டிருந்தாள். பக்கத்து மரத்தடியில் தர்மனைச் சுற்றிக் கூட்டாளிகள்.

"என்னடா தர்மா, பொம்பள மிதிச்ச முதுகாமே? கட்டிக்கிட்டா தெனமும் மிதிப்பாளா?" மாதேஸ் எல்லாருக்கும் கேட்கும்படி சிரித்தான்.

"எவ மிதிச்சா? எவளும் மிதிக்கல. தானா விட்டுப்போச்சி."

சொல்லிவிட்டுத் திரும்பினால்... அவள். அந்தப் பெரிய கண்கள் ஒருமுறை அவனைப் பார்த்தன. பிறகு புளிக்கூடைக்குக் குனிந்துகொண்டன. திட்டியிருந்தால்கூடத் தேவலை என்றிருந்தது அவனுக்கு.

மலையேறும் வழியெல்லாம் முதுகில் வலியே இல்லை. நெஞ்சுதான் கனத்தது. தன் பேர் கெட்டாலும் கெடட்டும் என்று எனக்காகக் கால் வைத்தவள்... அவளையே இல்லையென்று சொல்லிவிட்டேனே...

மறுநாள் காலை ராமக்காவின் வாசலில் இடுப்பைப் பிடித்துக்கொண்டு பெண்கள் காத்திருந்தார்கள். தர்மன் நேரே அவர்கள் நடுவில் வந்து நின்றான். மாதேஸையும் கையோடு இழுத்து வந்திருந்தான்.

"எல்லாரும் கேட்டுக்குங்க. இந்த முதுகுல கால வச்சி நிமித்துனது ராமக்காதான். எங்கண்ணனுக்காக நான் அழுததும் இவ காலுக்கு அடியிலதான். சந்தையில நான் சொன்னது பொய்யி."

"ஏம்ப்பா, ஊரு சிரிக்குமே?" என்றாள் ஒரு கிழவி.

"சிரிக்கட்டும் ஆயா. சிரிச்சவன் இதோ நிக்கறான், இன்னொருவாட்டி சிரிக்கச் சொல்லுங்க."

மாதேஸ் தலையைக் கவிழ்த்துக்கொண்டான். யாரும் சிரிக்கவில்லை.

தர்மன் ராமக்காவிடம் திரும்பினான். குரல் இறங்கிப்போனது. "என்னக் கட்டிக்கறியான்னு கேக்கத்தான் வந்தேன். எங்கம்மா வேணாம்னுச்சி. மிதிச்ச கால மருமவ காலுன்னு எப்படி உள்ள வுடறதுன்னுச்சி. அந்தக் காலு இல்லன்னா நான் இன்னும் வளைஞ்சேதான் நின்னிருப்பேம்மான்னு சொன்னேன். செரின்னு சொல்லல... வேணாம்னும் அதுக்கப்புறம் சொல்லல."

"கட்டிக்கிட்டாலும் இத நான் வுட மாட்டேங்க."

"வுடச் சொல்ல நான் யாரு?"

ராமக்கா வாசற்படியில் மெல்ல உட்கார்ந்தாள். அவள் பேசுவதற்காக எல்லாரும் காத்திருந்தார்கள். அவளோ அவனுக்கு மட்டும் கேட்கும்படி சொன்னாள்.

"சந்தையில நீங்க அப்படிச் சொன்னப்போ கோவம் வரும்னு பாத்தேன்... வரல. வலிச்சிது. அத்தன பேரு வலியத் தேடித் தேடிப் புடிச்சவ நான்... எனக்கு எங்க வலிக்கும்னு அதுவரைக்கும் தெரியாமலே இருந்திருக்கேன்."

நிமிர்ந்து அவனைப் பார்த்தாள்.

"நீங்கதாங்க அந்த எடம்."