வாய் மட்டும் காயவில்லை

தூரிகையில் ருசி இருந்தது.

இருபது வருஷமாக அதை வாயில் வைத்து எடுக்கிறவனுக்கு அதன் ருசிகளெல்லாம் அத்துப்படி. அலசிய பிறகும் போகாத டர்பன்டைன் நெடி தெரியும், ஆளிவிதை எண்ணெயின் கசப்பு தெரியும், துடைத்த துணியின் பழைய வாடைகூடத் தெரியும். இது அதில் எதுவுமே இல்லை. இது பல் தேய்க்காத வாயின் ருசி. அதுவும் அவன் வாய் இல்லை. ஓவியன் ஜன்னலுக்கு வெளியே எட்டித் துப்பிவிட்டு, நாக்கைச் சட்டைக் கையில் துடைத்துக்கொண்டான்.

கெட்ட பழக்கம்தான். மெல்லிய கோடு போட வேண்டுமென்றால் தூரிகையை அலசி, துடைத்து, உதடுகளுக்கு நடுவே வைத்து ஒரு இழுப்பு இழுப்பான். முடியெல்லாம் ஊசிமுனையாகக் கூடிவிடும். மனைவி தலையில் அடித்துக்கொள்வாள்.

“அந்தக் கருமத்த வாயில வைக்காதீங்கன்னு எத்தன தடவ சொல்றது? நீங்க செய்றதத்தான் அவளும் செய்றா.”

அவள் என்றால் மகள். ஆறு வயது, வீட்டில் வாலு என்றுதான் கூப்பிடுவார்கள். முன்பல் விழுந்த ஓட்டை வாயோடு அவன் பின்னால் முக்காலியில் உட்கார்ந்து, தன் தூரிகையை அவனைப் போலவே சப்பிச் சப்பி ஏதாவது கிறுக்குவாள். அவன் குடித்து வைத்த டீயின் கடைசி மடக்கும் அவளுக்குத்தான். அப்பனை அப்படியே உரித்து வைத்திருக்கிறாள் என்று யாராவது சொன்னால் அவனுக்கு உச்சி குளிர்ந்துவிடும்.

இந்தப் படம், செத்துப்போன ஒருவருடையது. அவர் மனைவிதான் புகைப்படத்தோடு வந்திருந்தாள். “அசல் அவரே உக்காந்திருக்கிற மாதிரி இருக்கணும். ஆனா வாய் மூடி இருக்கணும்,” என்றாள். புகைப்படத்திலும் வாய் மூடித்தான் இருந்தது. அதை ஏன் தனியாகச் சொல்கிறாள் என்று அவன் அப்போது யோசிக்கவில்லை.

முகத்துக்கு அவனுக்கு ஒரு முறை உண்டு. கரியில் கோட்டுருவம் போட்டு, மங்கலான பச்சையில் முகம் முழுக்க ஒரு பூச்சு. அது காய்ந்ததும் தோல் நிறத்தைச் சன்னம் சன்னமாக ஏற்றுவான். அடியில் பச்சை இருந்தால்தான் மேலே ரத்தம் ஓடுகிற களை வரும். வாயைக் கடைசிக்கு வைத்துக்கொள்வான். இரண்டு உதட்டுக்கும் நடுவிலிருக்கும் கருங்கோடு ஒரு மயிரிழை பிசகினாலும் ஆளே மாறிவிடுவார். அந்தக் கோட்டோடுதான் ஐந்து நாளாக மல்லுக்கட்டிக்கொண்டிருந்தான். சாயங்காலம் படத்தின் வாயை மூடிவிட்டுப் போவான். காலையில் வந்து பார்த்தால் கோடு கொஞ்சம் தடித்திருக்கும்.

இன்று மதியம், நல்ல வெளிச்சத்தில், சுண்டுவிரலால் படத்தின் கன்னத்தைத் தொட்டுப் பார்த்தான். காய்ந்திருந்தது. மூக்கு, நெற்றி, தாடை எல்லாம் காய்ந்திருந்தன. உதட்டைத் தொட்டான். வெதுவெதுப்பாக, ஈரமாக இருந்தது, விரலை எடுத்தபோது ஒரு நூல் கூடவே நீண்டு வந்து, தொய்ந்து, அறுந்து அவன் மணிக்கட்டில் ஒட்டியது. சாயத்துக்கு நிறம் இருக்கும். இதற்கு நிறமே இல்லை. முகர்ந்து பார்த்தான், பார்த்திருக்கக் கூடாது. சொத்தைப் பல்லில் நாள்கணக்காக அடைந்து கிடந்த சோற்றின் நாற்றம் குப்பென்று ஏறியது.

அந்த அம்மாவுக்குப் போன் போட்டான்.

“வாய் மூடித்தானே இருக்கு?” எடுத்த எடுப்பிலேயே கேட்டாள்.

“லேசா... தெறந்த மாதிரி தெரியுதும்மா.”



“சாப்பாட்ட மொதல்ல அவரு மெல்லுவாரு,” என்றாள். “மென்னு துப்பினதத்தான் நாங்க திங்கணும். நானும் எம் பொண்ணும். ‘ஆ காட்டு’ம்பாரு. காட்டித்தான் ஆகணும். அப்பத்தான் குடும்பம் ஒட்டி இருக்குமாம்.” மூச்சு வாங்கினாள். “முன்பல்லு ஒண்ணு அகலமா, பழுப்பா இருக்கும். அத மட்டும் வரைஞ்சிடாதீங்க.”

போனை வைத்தான். அந்த உதட்டைத் தொட்ட தூரிகை அவன் வாய்க்கு வந்திருக்கிறது. அவன் வாயிலிருந்து திரும்ப அங்கே போயிருக்கிறது. ஐந்து நாளாக, ஒரு நாளைக்கு நூறு தடவை. அவன் வாய் பட்ட டீ யாருக்குப் போனது என்பதை மட்டும் மனசு நினைக்க மறுத்தது.

சுரண்டும் கத்தியை எடுத்தான். வாயை மொத்தமாக வழித்து எறிந்துவிட வேண்டும். வேறு எதுவும் தோன்றவில்லை.

முதல் இழுப்பில் மேல்பூச்சு சுருண்டு வந்தது. பாலின் ஆடை மாதிரி.

அடியில் பச்சை இல்லை.

ஈறு இருந்தது. இளஞ்சிவப்பாக. நனைந்து. அதில் பற்கள், மஞ்சள் படிந்து, வரிசையாக. நடுவில் ஒன்று மட்டும் இல்லை. அங்கே ஒரு குழி. இப்போதுதான் பிடுங்கியது போல் ரத்தம் ஊறிக்கொண்டிருந்தது.

பின்னால் ஒரு சத்தம்.

சப்பு. சப்பு. சப்பு.

எத்தனை நேரமாக அது கேட்டுக்கொண்டிருந்தது?

வண்ணத் தட்டைப் பார்த்தான். மெல்லிய தூரிகை அங்கே இல்லை.

மெல்லத் திரும்பினான். முக்காலியில் மகள். மடியில் பிஸ்கட் பொட்டலம். ஒரு கையில் அவனுடைய தூரிகை, முனை ஊசியாகக் கூடி, ஈரமாக.

“அப்பா, எனக்குப் பல்லு மொளச்சிருச்சு!”

சிரித்தாள். அந்தச் சின்ன ஈறைக் கிழித்துக்கொண்டு, அகலமாக, பழுப்பாக, தேய்ந்துபோன ஒரு கிழப்பல்.

அவள் மெல்வதை நிறுத்தினாள். இரண்டு விரலை வாய்க்குள் விட்டு, கூழாகிக் கிடந்ததை உருட்டி வெளியே எடுத்தாள். உதட்டிலிருந்து நூல் நீண்டது.

முக்காலியை விட்டு இறங்கி, அவன் முகத்தருகே கையை நீட்டினாள்.

“ஆ காட்டு.”