பேச்சிக்கு மட்டும் ஒரு சைபர்

அலறல், அச்சுகளை அடுக்கி வைக்கும் டை ஸ்டோரிலிருந்து வந்தது.

துடைப்பத்தோடு உள்ளே போன கனகம், துடைப்பம் இல்லாமல் வெளியே ஓடி வந்தாள்.

"சேஃப்டி சாரு... கீழ கெடக்குறாரு... தல பக்கம் பூரா ரத்தம்..."

ஒரகடத்தில் கார் கதவுகளை அச்சில் அழுத்தித் தள்ளும் அந்தத் தொழிற்சாலையில் காலை ஷிஃப்ட் அப்போதுதான் தொடங்கியிருந்தது. பிரஸ் மெஷின்கள் ஒவ்வொன்றாய் மூச்சை நிறுத்தின. எல்லோரும் டை ஸ்டோருக்கு ஓடினார்கள்.

ஹெச்.ஆர். மேனேஜர் தமிழ்வாணன் ஓடவில்லை.

சேஃப்டி ஆபீசர் இராமச்சந்திரன் எப்படிக் கிடப்பார் என்று அவனுக்குத் தெரியும். நேற்று சாயங்காலம் அவரை அப்படிக் கிடத்தியவனே அவன்தான்.

"பேச்சிக்கு ரெண்டு விரல் போனது பிரஸ் மெஷின்ல," என்றார் இராமச்சந்திரன் நேற்று. "பைக்ல இருந்து விழுந்தான்னு எழுதி ஊருக்கு அனுப்பிட்டீங்க. நாளைக்கு ஃபேக்டரி இன்ஸ்பெக்டர் வர்றாரு. நான் சொல்லத்தான் போறேன்."

சொல்லிவிட்டுத் திரும்பினார்.

பைப் ரெஞ்ச் கைக்கெட்டும் தூரத்தில் இருந்தது...

கேமரா இல்லாத அறை. கைரேகையைத் துடைத்தாயிற்று. ஒன்றே ஒன்றுதான் உறுத்தியது. அந்தக் கதவு கார்டு காட்டினால்தான் திறக்கும். திறந்தவன் எண்ணைக் கருவி பதிந்துகொள்ளும்.

452. தமிழ்வாணனின் எண்!

ஆபீசுக்கு ஓடினான். கருவியிலிருந்த பதிவை வெறும் டெக்ஸ்ட் ஃபைலாகப் பென் டிரைவில் இறக்கினான். கருவியின் நினைவகத்தைத் துடைத்தான். ஃபைலை இரண்டு தட்டுத் தட்டினான். எக்செல்லில் திறந்தது.

நிரந்தர ஊழியருக்கு வெறும் எண். காண்ட்ராக்ட் தொழிலாளிக்கு முன்னால் ஒரு சைபர். அந்தத் தொழிற்சாலையின் வழக்கம் அது. 452 தமிழ்வாணன் என்றால், 0452 பேச்சி. விரல் போன ஆத்திரத்தில் திரும்பி வந்து பழி தீர்த்துவிட்டான்... போலீசுக்கு அது போதாதா?

0452 என்று அடித்தான்.

எக்செல் சைபரை விழுங்கிவிட்டு 452 என்று காட்டியது.

"சனியனே..."

அந்த ஒரு கட்டத்தை மட்டும் டெக்ஸ்டாக மாற்றி மறுபடி அடித்தான். சைபர் நின்றது. எக்செல் கேட்ட கேள்விக்கெல்லாம் படிக்காமலே 'யெஸ்' தட்டி சேவ் செய்தான்.

இரவு முழுக்கப் புரண்டான். எதையோ மறந்துவிட்டோம் என்று மனசு பிறாண்டிக்கொண்டே இருந்தது. எதை என்றுதான் தெரியவில்லை.

"என்ன சார், ஃபேன் ஓடியும் வேர்க்குது?"

போலீஸ் இன்ஸ்பெக்டர் தளவாய் இப்போது ஆபீசில் எதிரே உட்கார்ந்திருந்தார். வாசலில் பெண் காவலர் ரத்னா. கனகம் டீ வைத்தாள்.

"கூட வேலை பாத்தவர் சார்... மனசு கேக்கல."

"அந்தக் கதவு கார்டு காட்டுனாத்தான் திறக்குமாமே?"

"ஆமா சார். ரெக்கார்டை எடுத்து வச்சிருக்கேன். மெஷின்ல இருந்து அப்படியே இறக்கினது. நான் திறந்துகூடப் பாக்கல."

"வேற யாரு கையிலயும் குடுக்கலையே?"

"என் பாக்கெட்ல பத்திரமா இருந்துச்சு சார்."

தளவாய் பென் டிரைவைச் செருகினார். "எனக்கு இதெல்லாம் அரைகுறைதான் பாத்துக்கிடுங்க. வீட்ல மகளோட ஸ்கூல் ப்ராஜெக்ட்டுல பழகுனது."

இரண்டு தட்டு. ஃபைல் திறந்தது.

"டை ஸ்டோர்... நேத்து சாயங்காலம்... இராமச்சந்திரன் உள்ள போயிருக்காரு. அவருக்கு அப்புறம் ஒரே ஒரு ஆளு. நானூத்தி அம்பத்திரண்டு."

தளவாயின் பார்வை மெல்ல உயர்ந்து, தமிழ்வாணன் கழுத்தில் தொங்கிய கார்டில் நின்றது.

"அதே நம்பர் மாதிரில்லா தெரியுது?"

தமிழ்வாணன் நாற்காலியோடு முன்னால் நகர்ந்தான். திரையைப் பார்த்தான். 452. அவன் பாடுபட்டுப் போட்ட சைபரைக் காணோம்!

சட்டென்று புரிந்தது. இரண்டு தட்டில் திறந்ததால் எக்செல் மறுபடி விழுங்கியிருக்கிறது.

"சார், இப்படித் திறக்கக் கூடாது சார்! இது காண்ட்ராக்ட் ஆளோட நம்பர். முன்னாடி சைபர் இருக்கும். எக்செல் அதைத் தின்னுடும்."

"அப்படியா? அப்போ திறக்குற மாதிரி திறந்து காட்டுங்க."

காலியான ஷீட். டேட்டா. ஃப்ரம் டெக்ஸ்ட். எண் இருக்கும் பத்தியை டெக்ஸ்ட் என்று மாற்றினான். விரல்கள் தாமாக ஓடின.

0452.

"பாத்தீங்களா? பேச்சின்னு ஒருத்தன். விரல் போனதுல இருந்தே சேஃப்டி சார் மேல கடுப்புல இருந்தான்."

"அடேயப்பா... ஒரு சைபர்ல ஆளே மாறிட்டானே." தளவாய் திரையைக் கீழே உருட்டினார். மேலே உருட்டினார். டீயை உறிஞ்சினார்.

"ஏம்மா கனகம், நீ காண்ட்ராக்ட்டா?"

"வந்த நாள்லேர்ந்து காண்ட்ராக்ட்டுதான் சார். பர்மனென்ட் பண்றேன், பர்மனென்ட் பண்றேன்னு இவரும் சொல்லிக்கினேதான் கீறாரு."

"கார்டைக் காட்டு. 0618... நேத்து டை ஸ்டோர் பெருக்குனியா?"

"காலைல பெருக்கினேன் சார்."

"வந்து பாரு. இங்க 618னு இருக்கு."

கனகம் எட்டிப் பார்த்தாள். "என் சைபர் இன்னா சார் ஆச்சு?"

தளவாய் தமிழ்வாணன் பக்கம் திரும்பினார்.

"அதையேதான் நானும் சார்கிட்ட கேக்கேன்," என்றார் தளவாய். "காலைல கேட்ல நின்னு பாத்தேன். காண்ட்ராக்ட் ஆளுங்க கார்டு அத்தனையும் சைபர்ல ஆரம்பிக்குது. நீங்க சரியாத்தான் திறந்தீங்க. ஆனா இந்த ஃபைல் முழுக்க நம்பருக்கு முன்னாடி ஒரே ஒரு சைபர்தான் இருக்கு. பேச்சிக்கு மட்டும்."

தமிழ்வாணன் மறுபடி திரையைப் பார்த்தான்.

"மகளோட ப்ராஜெக்ட்டுல போன் நம்பருக்கு முன்னாடி இருந்த சைபரை எல்லாம் இப்படித்தான் தின்னுட்டு. தெரியாம சேவ் பண்ணிட்டேன். அப்புறம் எப்படித் திறந்தாலும் திரும்பி வரல. வீட்ல நான் வாங்குன ஏச்சு இருக்கே..." தளவாய் டம்ளரைக் கீழே வைத்தார். "நீங்களும் இப்படித்தான் தட்டித் திறந்திருக்கீங்க. எல்லார் சைபரும் போயிட்டு. உங்க நம்பருக்கு முன்னாடி மட்டும் கையால ஒரு சைபரைப் போட்டு சேவ் பண்ணிருக்கீங்க. திறந்தே பாக்கலன்னீங்க. பாக்கெட்டை விட்டு வெளிய போகலன்னும் சொன்னீங்க."

தமிழ்வாணன் எழுந்தான். வாசலில் ரத்னா கைவிலங்கோடு தயாராக நின்றாள்.

கனகம் அவனை ஏற இறங்கப் பார்த்தாள்.

"ஜெயில்லயும் நம்பர் குடுப்பாங்களா சார்?"

"குடுப்பாங்கம்மா."

"இவருக்கு இன்னா... காண்ட்ராக்ட்டா?"

தளவாய் தொப்பியை எடுத்து மாட்டிக்கொண்டார்.

"சாருக்கு மொத நாளே பர்மனென்ட்."