தாது வருஷத்துக் கடைசிச் சரணம்

இராஜபாளையத்தில் ஏறி உட்கார்ந்த அலுப்புத் தீருவதற்குள் ரயில் ஸ்ரீவில்லிபுத்தூர் வந்துவிட்டது. ஜெயக்கொடி மகளைத் தோளில் போட்டுக்கொண்டு இறங்கினாள். ஐந்து வயதுக் கிருபைக்கு விஷக்காய்ச்சல் இப்போதுதான் விட்டிருந்தது. கஞ்சி உள்ளே இறங்கினால் பிழைத்துக்கொள்வாள் என்று டாக்டர் சொல்லியிருந்தார்.

கணவன் ஞானராஜுக்கு அங்கே கிறிஸ்தவக் கோயிலில் பாட்டு வாத்தியார் வேலை. குடியிருக்கக் கொடுத்த வீட்டின் சுவரெல்லாம் புகை ஏறிக் கறுத்திருந்தது.

"தாது வருசத்துப் பஞ்சத்துல இதுதான் கஞ்சித்தொட்டி," என்றார் கோயில் மணியடிக்கும் தேவநேசன்.

அந்த ஒரு வருஷத்தில் அந்தக் கோயிலில் கட்டிய பாட்டுகளைச் சுற்று வட்டாரமே இன்னும் பாடிக்கொண்டிருந்தது. அதிலொன்றை, ஊர் கூடிச் சாப்பிடும் அசனப் பண்டிகைக்கு முழுதாகப் பாடவைக்க ஞானராஜ் ஆசைப்பட்டான்.

"கடைசிச் சரணத்தை நாங்க பாடுறதில்ல, ஐயா," என்றார் தேவநேசன். "பஞ்சத்துல பிள்ளைங்க அதுவரைக்கும் பாடி முடிச்சாத்தான் கஞ்சி ஊத்துறவங்க அகப்பையைத் தூக்குவாவ. நடுவுல தொண்டை அடைச்சா வரிசையில கடைசிக்குப் போகணும். எம்புட்டுப் பிள்ளைங்க அந்தக் கடைசியிலயே விழுந்துச்சோ. பாடியே ஆகணும்னா ஒரு பானைக் கஞ்சி வச்சிட்டுப் பாடுங்க."

"பாட்டுக்குமா வே பசிக்கும்?" ஞானராஜ் சிரித்தான்.

அன்று சாயங்காலம் கோயிலில் ஒத்திகை. வீட்டில் கிருபைக்குக் கஞ்சி ஆற்றிக்கொண்டே ஜெயக்கொடி பாட்டைக் கேட்டாள். கடைசிச் சரணம் முடிந்தது. ஆர்மோனியம் ஓய்ந்தது.

வெளியே தரையில் சின்னச் சின்னப் பாதங்கள் உரசின. அடிப்பிடித்த கேப்பையின் வாடை அறையை நிறைத்தது.

கிண்ணத்தைப் பார்த்தாள்.

நக்கித் துடைத்ததுபோல் இருந்தது.

மறுபடி ஊற்றினாள். கரண்டி கிருபையின் உதட்டுக்குப் போகும்போது காலியாக இருந்தது. பால், பழச்சாறு, வெறும் தண்ணீர், எதுவும் உதட்டைத் தாண்டவில்லை.

மறுநாள் தேவநேசன் பெரிய பானை நிறையக் கஞ்சி காய்ச்சி முற்றத்தில் வைத்தார். கண்ணெதிரே மட்டம் இறங்கிப் பானை காய்ந்தது. கிருபையின் கன்னம் ஒட்டிப்போயிருந்தது.

"அம்மா, நான் கடைசியில நிக்கேன்," என்று முனகினாள்.

"எங்கட்டி நிக்க? யாரு பின்னால?"

"பிள்ளைங்க பின்னால. பாடினாத்தான் தருவாவளாம்."

ஞானராஜ் மகளின் காலடியில் மண்டியிட்டான். "அவளுக்குப் பதிலா நான் பாடுதேன். எம் பிள்ளைய விட்ருங்க." குரல் உடைய உடையப் பாடி முடித்தான்.

அவன் கிண்ணத்தில் ஊற்றிய கஞ்சி அப்படியே நின்றது. ஆவி பறந்தது. பாய்ந்து எடுத்து மகளின் வாயில் வைத்தான்.

காலி.

பாடியவனுக்குத்தான் கஞ்சி.

"பாடு கண்ணு. செத்த நேரம்தான். அம்மா கூடச் சொல்லித் தாரேன்," என்று ஜெயக்கொடி கெஞ்சினாள். கிருபை பாடினாள். முதல் சரணம் வந்தது. இரண்டாவது வந்தது. கடைசிச் சரணத்தின் பாதியில் காய்ந்த தொண்டை அடைத்துக்கொண்டது. வாய் மட்டும் அசைந்தது.

அடுத்த நாள் பொழுது சாய்வதற்குள் அதுவும் நின்றுவிட்டது.

அடக்கம் முடிந்து வந்தவர்களுக்கு அக்கம்பக்கத்தார் சோறு கொண்டுவந்தார்கள். ஒன்றும் மறையவில்லை. ஜெயக்கொடியின் தட்டில் வைத்த சோறு வைத்தபடி இருந்தது.

அப்போது கறுத்த சுவருக்குப் பக்கத்தில் ஒரு சின்னக் குரல் பாடத் தொடங்கியது. முதல் சரணம். இரண்டாவது. கடைசிச் சரணத்தின் பாதியில் தொண்டை அடைத்தது.



பிறகு, மறுபடியும் முதலிலிருந்து.