காற்றுக்காரியும் கடல்காரரும்

மழை சட்டென்று பிடித்துக்கொண்டது. கைப்பையைத் தலைமேல் தூக்கிப் பிடித்தபடி பேருந்து நிறுத்தத்துக்குள் ஓடிவந்தாள் அவள். காதில் போன்... மறுமுனையில் அக்கா.

"என்னக்கா பண்றது? என் வானிலை மாடல்ல காற்று ஒழுங்காத்தான் வீசுது. மேகம்கூட ஒவ்வொண்ணும் தனித்தனியாத் தெரியுது. கடல் குழுவோட மாடலைச் சேர்த்தா மட்டும் சூப்பர் கம்ப்யூட்டர்ல எல்லாம் நின்னுபோகுது. அந்த ஆளுக்குக் கடல்னா என்னன்னே தெரியாதுபோல."

பக்கத்தில் நின்றவன் தொண்டையைச் செருமினான்.

"கொஞ்சம் தெரியும்ங்க. அந்த ஆள் நான்தான். இன்னிக்குத்தான் உங்க ஆபீசுக்கு மாத்தலாகி வந்தேன்."

திரும்பினாள். நனைந்த இமைகள்... அவற்றின் கீழே சிரிப்பை அடக்கத் தெரியாத கண்கள். இத்தனை மாதம் மின்னஞ்சலில் சண்டை போட்டது இந்தக் கண்களோடா... போனில் அக்கா கத்திக்கொண்டே இருந்தாள்.

மறுநாள் முதல் பக்கத்துப் பக்கத்து மேசை.

"காற்றுக்காரம்மா, காபி?" என்பான்.

"கடல்காரரே, முதல்ல உங்க அலையைப் பாருங்க" என்பாள்.

அவள் திரையில் மேகங்கள் பஞ்சாய் மிதக்கும். அவன் திரையில் நீல நீரோட்டங்கள் சுழலும். புயல் எங்கே திரும்பும் என்று கரையோர மக்களுக்கு முன்கூட்டியே சொல்ல, இந்த இரண்டு கணினி மாடல்களும் சேர்ந்து ஓடியாக வேண்டும்.

ஒருநாள் மெல்லச் சொன்னான். "கோவிச்சுக்காதீங்க... உங்க காற்று கடலைத் தொடுற இடத்துலதான் ஏதோ இடிக்குது."

அவளுக்குச் சுருக்கென்றது. "என் வேலையில குறை சொல்ல நீங்க யாரு?"

அதன்பின் அவன் பேசவில்லை. காபியும் வரவில்லை. அவன் சொன்னது பொய்யென்று காட்டியே தீருவது என்ற வீம்பில், தன் நிரலை வரிவரியாகத் துருவினாள்... தப்பு அகப்பட்டது. காற்றின் திசையைத் தலைகீழாகக் கடல் மாடலுக்கு அனுப்பியிருந்தாள்.

கூட்டத்தில் குழுத் தலைவர் கடுகடுத்தார். "இந்தத் தடவையும் நின்னா, கம்ப்யூட்டரை வேற குழுவுக்குக் கொடுத்துடுவாங்க. தப்பு யார் பக்கம்?"

"என் பக்கமா இருக்கலாம் சார்" என்றான் அவன்.

அவள் எழுந்தாள். "இல்ல சார், என்னோடதுதான். இவர் சொன்னார், நான் கேக்கல. இப்போ திருத்திட்டேன்."

அன்று மாலை மாடல் நிற்காமல் ஓடியது. பெரிய திரையில் கடல்மேல் மேகங்கள் மெல்லத் திரண்டன... எல்லோரும் அதையே பார்த்துக்கொண்டிருக்க, அவள் அவன் அருகில் வந்து நின்றாள்.

"பழியை ஏன் ஏத்துக்கிட்டீங்க?"

"எல்லார் முன்னாடியும் உங்க முகம் வாடினா... என்னால பார்க்க முடியாதுங்க."

அவள் இமைகள் தாழ்ந்தன.

"நான் இன்னொண்ணும் ஒத்துக்கணும்."

"சொல்லுங்க..."

"நீங்க பேசாம இருந்தீங்களே... அப்போ ஓடாம நின்னது மாடல் மட்டும் இல்ல. எனக்கும் ஒண்ணும் ஓடல."